படகிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அன்றுதான் எங்கள் வீட்டின் அடிவயிற்றைக் கயல் முதன்முதலாகப் பார்த்தாள். கொச்சிக் காயலோரம், படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் ஒரு களம். அகலமான இரண்டு பட்டைகளை அடியில் கொடுத்து கிரேன் மெதுவாக மேலே எடுத்தது. பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்த அடிப்பாகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, எட்டு வருடமாக நாங்கள் சமைத்துத் தூங்கிச் சண்டை போட்டு வாழ்ந்த வீடு, மழை மேகத்தின் கீழ் அந்தரத்தில் நின்றது.

"இதுக்கு மேலயாம்மா நாம இத்தனை நாள் தூங்கினோம்?" என்றாள்.

அவளுக்குப் பத்து வயது. இரண்டு வயதில் படகில் ஏறியவள். என் கணவர் அருள் தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அந்த வேலையை விட்டபின் முப்பத்துநான்கு அடி நீளமுள்ள இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கினார். ஐப்பசியில் மழை தணிந்ததும் கொச்சியிலிருந்து வடக்கே புறப்படுவோம். கார்வார், கோவா, ரத்னகிரி என்று கரையோரமாகவே போய், வைகாசிக்குள் திரும்பிவிடுவோம். ஒரு வருடம் அந்தமான் வரை போனோம். மழைக்காலம் முழுவதும் கொச்சிக் காயலில் கட்டிக் கிடப்போம். நான் படகிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். கயலுக்கு நானும் அவள் அப்பாவும்தான் வாத்தியார்கள்.

இந்த முறை படகின் அடியைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. சிப்பி ஒட்டாமலிருக்க அடிக்கும் அந்தப் பெயின்ட் நெடியில் குழந்தையை வைத்திருக்க முடியாது. அருள் மட்டும் களத்திலேயே தங்கிக்கொள்வது, நானும் கயலும் மூன்று வாரம் என் அண்ணன் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் முருகேசன் இருப்பது காமயகவுண்டன்பட்டியில், கம்பத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். நான் பிறந்த ஊர். படகில் ஏறிய பிறகு விசேஷங்களுக்கு ஓரிரு நாள் தலைகாட்டியதோடு சரி. கயல் கடைசியாக வந்தபோது அவளுக்கு ஐந்து வயது.

கடலைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கரைக்குப் போன பயணத்தை.

காலை ஆறு மணிக்கு எர்ணாகுளத்தில் குமுளிப் பேருந்தில் ஏறினோம். நூற்று அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. கோட்டயம் தாண்டும்வரை மழை. காஞ்சிரப்பள்ளி, முண்டக்கயம் என்று ஊர்ப் பெயர்களைக் கண்ணாடி வழியே கலங்கலாக வாசித்துக்கொண்டே வந்தாள் கயல். குட்டிக்கானம் ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கின. பனிமூட்டத்துக்குள் பேருந்து மூக்கை நுழைத்து நுழைத்துத் திரும்பியது. கார்வாருக்கு வெளியே ஆளுயர அலையில் ஆடிய படகில் நின்றுகொண்டு மாம்பழம் தின்ற என் மகள், ஐந்தாவது வளைவில் வாந்தி எடுத்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற தமிழ் அம்மாள்.

"மோந்துக்க கண்ணு. ஜன்னல் பக்கம் பாக்காத. எந்த ஊரு நீயி?"

கயல் யோசித்தாள். "போட்டு," என்றாள்.

"போட்டுல வேலையா அப்பாவுக்கு?"

"இல்ல. வீடு."

"வீடு போட்டுல இருக்கா?"

"போட்டுதான் வீடு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஒரு இடத்துல நிக்குமா, போய்க்கிட்டே இருக்குமா?" என்று கேட்டார். "போய்க்கிட்டே இருக்கும்," என்றேன். "நல்லாருக்கும்ல?" என்று சொல்லிவிட்டு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிப்பெரியாற்றில் இறங்கும்போது அந்த எலுமிச்சம்பழத்தைக் கயலிடமே விட்டுப் போனார்.

பகல் பன்னிரண்டுக்குக் குமுளி. கேரளப் பேருந்திலிருந்து இறங்கி, சோதனைச்சாவடியைத் தாண்டி நடந்தால் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கும். ஏலக்காய், மசாலா மணம். அந்தப் பக்கம் மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்த ஜீப்காரர் இந்தப் பக்கம் வந்ததும் தமிழில் கத்தினார். "கூடலூர், கம்பம், ஏறுங்க, ஏறுங்க!" கம்பத்துக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர். பேருந்திலேயே ஏறினோம்.

எல்லையைத் தாண்டி மலை இறங்கத் தொடங்கியதும் மழை நின்றுவிட்டது. குழாயை யாரோ மூடிய மாதிரி. மேகமெல்லாம் எங்களுக்குப் பின்னால் மலைமுகட்டில் தொங்கிக்கொண்டு நிற்க, முன்னால் வெயில். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகையில் ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விழுந்தது. இரண்டு பக்கமும் மலை. நடுவே தென்னையும் வாழையும் வயலுமாக நீண்டுகொண்டே போகும் பச்சை. அதன்மேல் மேக நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடகிழக்கே போய்க்கொண்டிருந்தன. நிழல் படர்ந்த இடம் கருநீலமாகி, விலகியதும் மறுபடி பச்சையாகியது. என் கண்ணுக்கு அது அசைவது போலவே இருந்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கயல் தென்னை உச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து கிடந்தன.

"இருபது நாட் இருக்கும்மா," என்றாள். படகில் காற்றின் வேகத்தை அப்படித்தான் சொல்வோம்.

மேற்கு மலை இடைவெளி வழியே இறங்குகிற காற்று அது. ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்து உலுக்கும். ஊரில் மேகாத்து என்பார்கள். அதில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் அதற்கு ஒரு வேகம் உண்டு, அதை ஒரு எண்ணால் சொல்லலாம் என்பது என் மகள் சொல்லித்தான் எனக்குத் தோன்றியது.

கூடலூர் தாண்டி, கம்பத்தில் இறங்கி, காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட். கயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தூரம் வேணாலும் போலாமா?" என்று நடத்துநரிடம் கேட்டாள்.

"இந்த பஸ்ஸு எம்புட்டுத் தூரம் போகுதோ அம்புட்டுத் தூரம் போலாம் பாப்பா. அதுக்கு மேல நடக்கணும்," என்றார் அவர்.

அண்ணன் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. "வந்துட்டியா ஆத்தா," என்று என் பையை வாங்கிக்கொண்டார். கயலைப் பார்த்ததும் அவள் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். எட்டு வருடமாகப் போனில் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பிள்ளைய எப்பக் கரைக்குக் கொண்டாரப் போற?" போன வருடம் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. நேரில் கேட்பதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பதில்களைப் பேருந்திலேயே அடுக்கிக்கொண்டு வந்தேன். அவள் பின்னக் கணக்கு போடுவாள். மூன்று மொழி பேசுவாள். நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்வாள். அவள் வயசில் நான் சுருளி அருவியைத் தவிர எதைப் பார்த்தேன்?

அண்ணன் கேட்கவில்லை. மதினி ஜெயந்தியும் கேட்கவில்லை. சோறு போட்டார்கள், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றினார்கள், அருள் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். "மாப்ள தனியா இருக்காகளே, சாப்பாட்டுக்கு என்ன செய்வாக?" என்றார் மதினி. அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று நாள் எனக்குத் தரை ஆடியது. மாதக்கணக்கில் தண்ணீரில் இருந்துவிட்டு வந்தால் உடம்பு அப்படித்தான் ஏமாறும். அடுப்படியில் நின்றால் சுவர் மெல்லச் சாய்ந்து நிமிரும். பகலில் கண்ணை மூடிப் படுத்தால் அண்ணன் வீட்டு மாடி முழுவதும், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, காயப்போட்ட மிளகாய் எல்லாவற்றோடும், பள்ளத்தாக்கின் நடுவே மெதுவாக மிதந்து போகும். மேகாத்து ஜன்னலில் விசில் அடிக்கும். எங்கே நங்கூரம் போட்டிருக்கிறோம் என்று அரைத் தூக்கத்தில் யோசிப்பேன். அப்புறம் தெருவில் உப்பு விற்கிற வண்டியின் ஸ்பீக்கர் கேட்கும்.

கயலுக்கு எதுவும் ஆடவில்லை. ஆனால் படகுப் பழக்கம் போகவில்லை. குடித்த டம்ளரை மேஜை ஓரத்தில் வைக்காமல் சுவர் மூலையில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள். குழாயை ஒரு விரல் அளவு திறந்து உடனே மூடினாள். எங்கள் படகில் இருநூறு லிட்டர்தான் தொட்டி; அது பத்து நாளுக்கு வர வேண்டும்.

"ஏன்டி இப்பிடித் தண்ணிக்கு பயப்படுற?" என்று சிரித்தாள் தர்ஷினி. அண்ணன் மகள், கயலைவிட நாலு மாதம் பெரியவள். "மோட்டர் போட்டா வந்துட்டேதான இருக்கும்."

"தீந்து போச்சுன்னா?"

"மறுபடி மோட்டர் போடணும்."

தர்ஷினி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அவர்களைப் பார்க்க முடிந்தது.

அண்ணனுக்கு ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். ஒருநாள் எல்லோரும் போனோம். கல்தூண்கள் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் கொடி படர்ந்து, தலைக்கு மேலே இலையால் ஒரு கூரை. உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்தது. மேலே காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே ஒரு சருகுகூட அசையவில்லை. இலைகளின் இடுக்கு வழியே ஒளி உடைந்து உடைந்து மண்ணில் ஆடியது. அந்தமானில் முகமூடி மாட்டிக்கொண்டு நீருக்கடியில் மூழ்கி, மேலே அண்ணாந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். கருநீலப் பன்னீர்த் திராட்சைக் குலைகள் முகத்துக்கு நேராகத் தொங்கின. கயலும் தர்ஷினியும் நுனிக்காலில் எக்கி அண்ணாந்து நின்றுகொண்டு, எட்டிய குலையிலிருந்து ஒவ்வொரு பழமாக வாயாலேயே பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்து அடிச்சிருக்கு, கழுவித் தின்னுங்க!" என்று அண்ணன் சத்தம் போட்டார். யாரும் கேட்கவில்லை.

வரும் வழியில் வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. "பெரியாத்துத் தண்ணி. தெறந்துவிட்டுட்டாக," என்றார் அண்ணன். இனி நாற்றங்கால் போடுவார்கள். மண்ணைச் சுருட்டிக்கொண்டு நுரையோடு ஓடிய அந்தத் தண்ணீரைப் பார்த்து, "இது எங்க போகுது?" என்று கயல் கேட்டாள். உப்புக்கோட்டை, வீரபாண்டி, வைகை அணை, மதுரை என்று அண்ணன் வரிசையாகச் சொன்னார். "கடலுக்குப் போகாதா?" என்றாள். "போறதுக்குள்ள நாங்க குடிச்சிருவோம்ல," என்றார்.

இரண்டாவது வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. தர்ஷினி இரட்டைச் சடை போட்டுக்கொண்டு போய்விட்டாள். கயல் அன்று முழுவதும் கேட் கம்பியில் ஏறி நின்றாள். புத்தகம் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். சாயங்காலம் தர்ஷினி வந்ததும் என்ன பேசிக்கொண்டார்களோ, மறுநாள் காலை இருவரும் குளித்து நின்றார்கள். "டீச்சர் கூட்டிட்டு வரச் சொன்னாக அத்தை. சும்மா வந்து உக்காரட்டும்னாக," என்றாள் தர்ஷினி. அந்த ஊர்ப் பள்ளியில் அதெல்லாம் நடக்கும். சரி, பொழுது போகட்டும் என்று அனுப்பினேன்.

அந்த வாரம் முழுவதும் போனாள். முதல் நாள் டீச்சர் அவளைப் படகைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம். ராத்திரி காவல் இருப்பது, டால்பின், பாயைச் சுருட்டுவது எல்லாம் சொன்னாளாம். ஒரு பையன், "கக்கூஸ் எங்கன?" என்று கேட்டானாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனிக்கிழமை பிற்பகல். நானும் அவளும் மட்டும் திராட்சைத் தோட்டத்துக்கு நடந்து போனோம். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம். வரிசையான தென்னைகளின் மேல் காற்று ஏறி ஏறிப் போயிற்று. நான் ஏதோ கனவில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பின் ஆட்டம் நின்றுபோயிருந்தது. அது நின்றது எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா," என்றாள். "நான் இங்கனயே இருக்கட்டா?"

"இரு. இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுப் போலாம்."

"அதில்லம்மா. ஊர்ல. மாமா வீட்டுல. பள்ளிக்கூடம் போயிட்டு."

அவள் 'இங்கன' என்று சொன்னதுதான் முதலில் காதில் விழுந்தது. மற்றது பிறகுதான் உள்ளே போயிற்று.

"யார் சொல்லிக்குடுத்தாங்க?" என்றேன்.

"யாரும் சொல்லல."

"படகுல உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. எனக்குப் படகு பிடிக்கும். லீவுக்கு வர்றேன்."

பிள்ளைகள் லீவுக்குக் கிராமத்துக்குப் போகிற மாதிரி, இவள் லீவுக்குக் கடலுக்கு வருவாளாம். அவளை எழுப்பி நடத்திக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் முற்றத்தில் பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வேலை பாத்துட்டீங்கண்ணே," என்றேன். "என்கிட்ட கேக்காம பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்கள்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று. அவருக்குப் பின்னால் மதினி ஈரக்கையோடு வந்து நின்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லல ஆத்தா," என்றார் அண்ணன். "சொன்னா நீ வர மாட்டேன்னு வாயக் கட்டிட்டு இருந்தேன். வேணும்னா இவளக் கேளு."

"சத்தியமா சொல்லல கலா," என்றார் மதினி. "நீ வர்றதுக்கு முன்னாடியே ஒங்க அண்ணன் சொல்லிட்டாக, இந்தத் தடவ படகப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு. நீ இருக்கிற நாளு சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னாக."

நான் சண்டைக்கு அடுக்கி வைத்திருந்த பதில்களெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போயின. அண்ணனோடு சண்டை போடலாம். கேட்டது அவர் இல்லையே. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அருளுக்குப் போன் செய்தபோது பின்னால் இயந்திரம் அரைக்கும் சத்தம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "நான் வர்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். நகக்கண்ணெல்லாம் சிவப்புப் பெயின்ட். அண்ணனும் மதினியும் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அருள், நான், கயல் மூவரும் வாய்க்கால் பக்கம் நடந்தோம். மூன்று பேராக நடப்பதே எங்களுக்குப் புதிது. படகில் அதற்கு இடம் கிடையாது. காற்று முதுகில் தள்ளியது. நான் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அருள் பயந்துகொண்டிருந்தது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் கார்வாருக்கு அப்பால் திடீர்க் காற்றில் பாய் கிழிந்து, ஒரு பகல் முழுவதும் படகு புரண்டு புரண்டு தவித்தது. கயலைக் கீழே படுக்கையோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தோம். அந்தப் பயம் அவளுக்குள் தங்கிவிட்டதோ என்பது அவர் கவலை.

"கயலு," என்றார். "உண்மையச் சொல்லு. படகுல பயமா இருக்கா?"

"இல்லப்பா."

"அந்தக் காத்து அடிச்சதே, அன்னைக்கு?"

"அன்னைக்கு பயம். அப்புறம் இல்ல."

"பின்ன என்னம்மா? எல்லா ஊருலயும் உனக்குப் பிரண்ட்ஸ் இருக்காங்கள்ல? ரத்னகிரியில அந்தப் பிள்ள, ரேஷ்மா..."

"அடுத்த வருஷம் போனப்ப அவங்க அங்க இல்லல்ல."

"ஆமா. அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க."

"அவ மட்டுந்தான் போனா. மத்த எடத்துலல்லாம் யாரும் போகலப்பா. நாமதான் போயிடுறோம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கண்ணீர்கூட இல்லை. குனிந்து வாய்க்காலில் ஒரு குச்சியைப் போட்டு, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க புதன்கிழமை ஒரு பிள்ள வந்து, எனக்கு எடம் பிடிச்சு வச்சிருந்தா," என்றாள். "வியாழக்கிழமையும் பிடிச்சு வச்சிருந்தா. நான் வருவேன்னு அவளுக்குத் தெரியும்."

அருள் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். மேகம் முகட்டிலேயே நின்றது. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கவில்லை. எங்களுக்குக் கடல் என்றால் யாரும் எங்களைக் கட்டிப் போடாத இடம். அப்பா அம்மா சொன்ன வாழ்க்கையை உதறிவிட்டு, எங்களுக்குப் பிடித்ததை நாங்களே தேர்ந்தெடுத்தோம் என்ற பெருமை எனக்கு நிறைய உண்டு. அதையே அவளும் செய்கிறாள் என்பது மூளைக்குத் தெரிந்தது. நெஞ்சுக்கு அது எட்டவில்லை. இரண்டு வயதில் அவளை இடுப்பில் கட்டிக்கொண்டு படகில் ஏறியபோது, அவளிடம் நாங்கள் கேட்கவில்லை.

"ஒரு வருஷம்," என்றார் அருள் கடைசியில். "ஒரு வருஷம் இருந்து பாரு. பிடிக்கலன்னா மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"பிடிச்சிருந்தா?" என்றாள்.

அருள் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பெயின்ட் நெடி அடிக்கிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் சேர்த்தோம். தலைமையாசிரியை சில வாசிப்புகளும் கணக்குகளும் கொடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளைகளுக்கு இவ சொல்லிக் குடுக்கட்டும். இவளுக்கு எங்க பிள்ளைக சடுகுடு சொல்லிக் குடுக்கும்," என்றார். அண்ணன் அன்று சாயங்காலம் கம்பம் போய் ஒரு மரக் கட்டில் வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தர்ஷினி கட்டிலுக்கு அடுத்து அதைப் போட்டார்கள். மாமா என்ற முறைக்கு அவர் பேசவேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். "ஒங்க பிள்ளைய ஒங்க பிள்ளையாவே வச்சிருப்பேன் மாப்ள," என்று அருளிடம் சொல்லிவிட்டுக் கட்டில் கால்களுக்கு அட்டை வைக்கப் போய்விட்டார்.

அருள் மறுநாளே திரும்பினார். நான் மேலும் ஒரு வாரம் இருந்தேன்.

நான் புறப்பட்ட நாள் வியாழக்கிழமை. ஒருநாள் லீவு போடச் சொன்னேன். பள்ளியில் அன்று ஏதோ போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், மாட்டேன் என்றாள். ஒன்பது மணிக்கு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து, என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவளிடம் தேங்காய் எண்ணெய் மணத்தது. "போன் பண்ணும்மா. அப்பாவ சாயங்காலம் பண்ணச் சொல்லு, பகல்ல நான் இருக்க மாட்டேன்," என்றாள். பிறகு தர்ஷினியோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

எங்கள் வாழ்க்கையில் கிளம்புகிறவர்கள் எப்போதும் நாங்கள்தான். நங்கூரத்தை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், துறையில் நிற்கிற மனிதர்கள் சிறுத்துக்கொண்டே போவார்கள். நாங்கள் கையாட்டுவோம். அப்புறம் பாயைச் சரிசெய்கிற வேலை வந்துவிடும். நிற்கிறவர்களுக்கு எந்த வேலையும் வருவதில்லை என்று அன்று தெரிந்தது. இரண்டு சடைகளும் இரண்டு பைகளும் தெருமுனை வரை தெரிந்தன. மாவு மில் பக்கம் திரும்பும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள்.

மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். "காப்பி போடவா?" என்றார். போடச் சொன்னேன்.

குமுளிப் பேருந்தில் கூடலூர் தாண்டியதும் மலை தொடங்கியது. லோயர் கேம்ப்பில், பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்குகிற பிரம்மாண்டக் குழாய்கள் மலைச்சரிவில் ஒன்றையொட்டி ஒன்றாகக் கிடந்தன. வளைவுகளில் ஏற ஏறப் பள்ளத்தாக்கு கீழே போயிற்று. வாழை எது, வயல் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே பச்சையாகி, அதன்மேல் வெயில் படுத்துக் கிடந்தது. அதற்குள் எங்கோ ஒரு வகுப்பறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசித் திருப்பத்தில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி ஜன்னலை இறக்கி மூடினார்கள்.

படகைப் புதுச் சிவப்போடு தண்ணீரில் இறக்கினோம். மழைக்காலம் முடியும்வரை கொச்சியிலேயே இருந்தோம். இரண்டு முறை ஊருக்குப் போய் அவளைப் பார்த்தோம். அவள் வளர்ந்திருந்தாள். சடுகுடு விளையாட்டில் முழங்காலைத் தேய்த்திருந்தாள். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தாள்.

ஐப்பசியில் வானம் வெளுத்தது. ஒருநாள் காலை அருள் கடல் வரைபடத்தை மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தார். இந்த வருடம் எங்கே போகலாம் என்று கேட்டார். லட்சத்தீவுக்கு அனுமதி கேட்கலாம். இன்னொரு முறை அந்தமான் போகலாம். இலங்கையைச் சுற்றி வரலாம். அவர் விரல் ஒவ்வொரு கரையாகத் தொட்டுக்கொண்டு போயிற்று.

"ஏப்ரல்ல அவளுக்குப் பரீட்சை முடியுது," என்றேன். "அதுக்குள்ள திரும்பி வர்ற தூரம் எதுவோ, அங்க போவோம்."